கோழிகள் சௌக்கியமா?

இது நடந்தது. நான் எப்போதும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் என்பதால், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதையும் என் கதைகளோடு சேர்த்துவிட்டார்கள். சேர்க்கட்டும். சந்தேகம் இருப்பவர்கள் என் கடைக்கு வரலாம். கண்ணாடி அலமாரியின் உள்பக்கத்தில் ஐந்து வட்டங்கள் இருக்கின்றன. சோப்பு, மண்ணெண்ணெய், தின்னர் எல்லாம் போட்டுத் துடைத்துவிட்டேன். போகவில்லை.

ஆனால் முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இது தொடங்காது.

எனக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். முப்பது வருடமாக இதையேதான் செய்கிறேன். வீட்டில் என்னை 'சுத்துறவர்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு அர்த்தத்திலும் இல்லை, ஒரே அர்த்தத்தில்தான். நான் கடையை விட்டு வேறெங்கும் சுற்றியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொன்றே கால் மணி. ஒரு பெண்மணி துணிப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பைக்குள் ஒரு மோட்டார். ராணுவத்தில் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட சாமான். ஏதோ ஒரு விசிறியுடையது. பச்சைப் பெயின்ட் உரிந்திருந்தது. அளவு சின்னது, கனம் ஆளைச் சாய்க்கும். பக்கவாட்டில் அழுக்கேறிய அலுமினியத் தகடு. அதில் எண்கள் மங்கலாகத் தெரிந்தன.

"ஓட வைக்க வேணாம்ண்ணே. இது எந்த மோட்டார், எப்படி நின்னுச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்."

"எதுக்கும்மா?"

"என் வீட்டுக்காரர் பொறுப்புல இருந்த விசிறி. அவர் ஸ்விட்சைப் போட மறந்துட்டார்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. அவர் மறக்கிற ஆள் இல்ல. ஓடிட்டு இருக்கும்போது எரிஞ்சிருந்தா உள்ள தெரியும்ல?"

தெரியும். ஓடாத மோட்டார் எரியாது. இதைச் சொல்ல முப்பது வருட அனுபவம் வேண்டாம்.

"அவர் இப்ப எங்கம்மா?"

"இல்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் அலைந்த பிறகு ஓர் அதிகாரி அந்த ஃபைலைத் திரும்பப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை காலை நேரம் கொடுத்திருக்கிறார். ஃபைலில் உள்ள எண்ணும் இந்தத் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்று என்று காட்ட வேண்டும். ராணுவ ஸ்டோரில் வேலை பார்த்த ஒருவர் ஏலப் பட்டியலில் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னதால்தான் இதையே அந்த அம்மாவால் வாங்க முடிந்ததாம்.

"இது ஒண்ணுதாண்ணே என் கையில இருக்கு," என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. இளகினால் உடனே எதையாவது செய்துவிடுவேன். அதுதான் என் வியாதி. "எண்ணைப் பளிச்சுன்னு காட்டுறேன் பாருங்க!" என்று மோட்டாரைத் தூக்கினேன். கிரைண்டரில் சுழலும் கம்பி பிரஷ்ஷில் தகட்டை வைத்தேன். மூன்றே வினாடி.

தகடு பளிச்சென்று ஆனது. முகம் பார்க்கலாம். பார்த்தேன். என் முகம் தெரிந்தது. எண் இல்லை.

ஆழமாகக் குத்திய எண் என்று நினைத்திருந்தேன். மேலாக அச்சிட்ட எண். பத்தொன்பது வருட மழையும் துருவும் செய்யாததை நான் மூன்று வினாடியில் செய்து முடித்திருந்தேன்.

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை வாங்கம்மா," என்றேன். "தகடு இல்லாட்டி என்ன, உள்ள பிரிச்சு இது எதோடதுன்னு கண்டுபிடிச்சுத் தரேன். சத்தியமா."

அவர் போன பதினைந்து நிமிடத்தில் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். கடைக்குக் கம்பி, வார்னிஷ், பேரிங் எல்லாம் அவர்தான் வாங்கிப் போடுகிறார். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கடை போட்டோம். தன் மனைவி இறந்த பிறகு எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நல்ல மனிதர். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. எந்தக் கதவையும் சாத்த மாட்டார். மழையிலும் வேன் கண்ணாடியை ஏற்ற மாட்டார். படுப்பது மொட்டை மாடியில். குளியலறைக் கதவைக்கூட ஒருச்சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று சத்தமாகப் பாடுவார். அந்தப் பாட்டைக் கேட்பதற்குப் பதிலாக அவர் குளிக்காமலே இருக்கலாம் என்று நான் கேலி செய்வேன். பல வருடமாக வீட்டில் எல்லோருக்கும் அது ஒரு சிரிப்பு.

அன்று மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் கம்பிச் சுருள். கண் மேஜை மேல் இருந்த பச்சை மோட்டார் மேல்.

"இது எங்கேருந்து வந்துச்சு மாப்ள?"

"ஏலச் சாமான். எதோடதுன்னு கண்டுபிடிக்கணும்."

"ஏதாவது வண்டியில இருந்து கழட்டுனதா இருக்கும். பழைய இரும்புல போடு."

"ஒரு அம்மா கொண்டாந்து குடுத்தது மச்சான். எப்படிப் போடுறது?"

சுருளை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக ஒரு டீயாவது குடிக்காமல் போக மாட்டார்.

அப்போது எனக்கு அது தப்பாகப் படவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு அரை மணி நேரம் கண்ணயர்வது என் வழக்கம். அன்று கரண்ட் இல்லை. இருட்டுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்தேன். ஷட்டருக்கு வெளியே நல்ல வெயில், தெருவில் ஆள் நடமாட்டம். எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேய் நடுராத்திரியில் வந்திருக்கிறது. எனக்கு மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்தது.

மோட்டாரின் தண்டைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. இடுக்கி போட்டும் அசையவில்லை. உள்ளே எல்லாம் உருகி ஒட்டிப்போயிருந்தது. நாளை பிரிக்கும்போது பார்க்க வசதியாகத் தண்டின் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்துப் பூட்டினேன். சாவி சட்டைப் பையில். பெஞ்சில் சாய்ந்தேன்.

மணி இரண்டு நாற்பது.

டக்.

டக்.

டக்.

டக்.

இரும்பு மேல் இரும்பு தட்டும் சத்தம். பக்கத்து லேத் பட்டறை என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. கரண்ட் இல்லை. பட்டறைக்காரர் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

நீண்ட இடைவெளி. முடிந்துவிட்டது என்று கண்ணை மூடினேன்.

...டக்.

மெழுகுவத்தியைப் பார்த்தேன். சுடர் சின்னதாகிக்கொண்டே போனது. காற்று இல்லை. நீலமாக, ஒரு கடுகு அளவுக்குச் சுருங்கியது.

அணைந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. இழுக்கிறேன், உள்ளே எதுவும் வரவில்லை. தட்டுத் தடுமாறி ஷட்டரைத் தூக்கினேன். வெளிச்சமும் காற்றும் வந்து விழுந்தன. எதிர்க் கடைக்காரர் சைகையிலேயே "என்ன?" என்று கேட்டார். "அஜீரணம்" என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். நானும் அதையே நம்பினேன். அஜீரணத்தின் மேல் போட முடியாத பழி எதுவும் கிடையாது.

புதன்கிழமை. கரண்ட் இருந்தது. காலை முழுக்க அவசர வேலை ஒன்று. ஒன்றரைக்குச் சாப்பிட்டேன். ஷட்டரை இறக்கினேன். வேண்டுமென்றேதான். முந்தின நாள் பயந்தேன் என்று எனக்கே ஒத்துக்கொள்ள மனமில்லை.

இரண்டு நாற்பது.

டக். டக். டக். டக்.

சத்தம் அலமாரிக்குள் இருந்து வந்தது.

திரும்பினேன். அலமாரிக் கண்ணாடி ஆறடி உயரம். அதில் ஒரு மங்கல் வட்டம். குளிர் நாளில் கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் வருமே, அப்படி. என் முகத்தின் உயரத்தில்.

நான் பார்க்கும்போதே பக்கத்தில் இன்னொன்று.

அதற்குப் பக்கத்தில் மூன்றாவது. கொஞ்சம் தாழ்ந்து நான்காவது.

கையை நீட்டித் துடைத்தேன். துடைபடவில்லை.

வட்டங்கள் உள்பக்கம் இருந்தன.

பூட்டியிருக்கிறது. சாவி என் பையில்.

நீண்ட இடைவெளி...

கீழே பார்க்காதே என்று எனக்கு நானே சொன்னேன்.

பார்த்தேன்.

கீழ்த் தட்டில், மோட்டாருக்கு நேரே, தரையோடு தரையாக ஐந்தாவது வட்டம். சின்னது. மெல்லப் படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

டக்.

தண்டின் உச்சியில் நான் போட்ட கோடு இப்போது பக்கவாட்டில் இருந்தது.

அடுத்து நான் நினைவில் வைத்திருப்பது, தெருவில் செருப்பில்லாமல் நின்றதுதான்.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமைக்குச் சத்தியம் செய்திருந்தேன். எண்ணை அழித்த கை இது. அதனால் திரும்ப உள்ளே போய், ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்து, எல்லா விளக்கையும் போட்டு, எதிர்க் கடைக்காரரிடம் "சும்மா பேசிட்டே இருங்க, என்னத்தையாவது" என்று கெஞ்சிவிட்டு, மோட்டாரைப் பிரித்தேன். அவர் தன் மருமகனைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அன்றைக்கு அது எனக்குத் தேனாக இருந்தது.

உள்ளே கரி. சந்தேகமே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிந்த மோட்டார். கம்பியின் மேல்பூச்சு உரிந்து, சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருந்தது. எரியாத ஓர் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். தோல் மாதிரி உரிந்து வந்தது. பூச்சுக்குக் கீழே இன்னொரு பழைய கருப்பு. எங்கேயோ எரிந்த கம்பியை உருவி, நீட்டி, மேலே புதுசாகப் பூசி விற்றிருக்கிறார்கள். எந்தப் பாவி இதைப் போட்டுச் சுற்றினான் என்று திட்டிக்கொண்டே காயிலைச் சுற்றியிருந்த துணி நாடாவைப் பிரித்தேன்.

நாடாவின் கடைசி மடிப்புக்குள் ஒரு சீட்டு இருந்தது.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் எந்த மோட்டார் கட்டினாலும், கம்பி சுற்றும் பள்ளம் ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று, என்ன கம்பி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, நாடாவின் கடைசி மடிப்புக்குள் வைப்பேன். என்றைக்காவது இதைப் பிரிக்கப் போகிற முகம் தெரியாத தொழிலாளிக்கு ஓர் உபகாரம். சும்மா எண் மட்டும் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. கூடவே ஒரு கேலி வரியும் எழுதுவேன். எனக்குத் தெரிந்து வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை.

சீட்டின் ஒரு மூலை கருகியிருந்தது. மீதியைப் படித்தேன்.

'பிரிப்பவரே, வணக்கம். பள்ளத்துக்குப் பதினான்கு சுற்று. கோழிகள் சௌக்கியமா?'

கீழே தேதி. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

என் கையெழுத்து.

எதிர்க் கடைக்காரர் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நினைவு வந்தது. வெளிக்கூடு இல்லாமல், உள்பாகம் மட்டும் ஒரு சாக்கில் வந்தது. மச்சான் கொண்டுவந்தார். 'கோழிப் பண்ணை விசிறி மாப்ள, பேட்டரியில ஓடுறது, நாளைக்கே வேணுமாம்' என்றார். கம்பியும் அவரே கொடுத்தார். சுற்றும்போதே பூச்சு நகத்தில் உரிந்தது. 'புதுக் கம்பிதானே மச்சான்?' என்று கேட்டேன். 'புதுசுதான்' என்றார். நான் நம்பினேன். நம்பாமல் போயிருந்தாலும் சுற்றியிருப்பேன். 'சரி விடு, கோழிதானே' என்று சொன்னது நான்தான். அந்த வாய் என்னுடையதுதான்.

அன்று இரவு வீட்டில் மச்சானிடம் கேட்டேன்.

"கோழிப் பண்ணை மோட்டார் ஒண்ணு கட்டினோமே, ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ கட்டியிருக்கோம்."

"அது எந்தப் பண்ணை?"

"சாப்பிடும்போது என்ன விசாரணை?" தட்டை நகர்த்திவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

"அண்ணனை என்ன சொன்னீங்க? பாதியில எந்திரிச்சுட்டாரு," என்றாள் மனைவி. பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம்.

வியாழக்கிழமை பதினொன்றே கால். அந்த அம்மா வந்தார். சீட்டை அவர் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

படித்தார். இரண்டு முறை.

"கோழியா?"

"எனக்கு அப்படித்தாம்மா சொன்னாங்க."

"யார் கையெழுத்து?"

"என்னோடது."

ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். பூமிக்கு அடியில் இருந்த பதுங்கு அறை. இரும்புக் கதவு. பயிற்சிக்காக ஐந்து பேரை உள்ளே விட்டு வெளியே பூட்டியிருக்கிறார்கள். நான்கு மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. காற்றுக்கு இந்த விசிறி ஒன்றுதான். திறந்தபோது உள்ளே இருந்த மேஜைக் கடிகாரம் இரண்டு நாற்பதில் உடைந்து கிடந்ததாம். நான்கு பேர் கதவில் சாய்ந்து கிடந்தார்கள். அவருடைய கணவர் மட்டும் தரையில், இந்த மோட்டாருக்குப் பக்கத்தில். கையில் ஸ்பேனர்.

"உள்ள இருந்து தட்டியிருக்காங்க. யாருக்கும் கேக்கல," என்றார்.

நான் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

"விபத்துக்குப் பதினோரு நாள் முன்னாடி இதைக் காயில் கட்டினதா ஃபைல்ல தேதி இருக்கு," என்று சீட்டைக் காட்டினார். "அதே தேதி. எண் போனா போகுதுண்ணே. இது போதும். கம்பி யாரு குடுத்தது?"

"நாளைக்குக் காலையில எழுதித் தரேன்."

"எல்லாரும் நாளைக்குன்னுதாண்ணே சொன்னாங்க."

"...நாலு மணிக்கு வாங்க."

அவர் எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "இது எங்க போகுதுன்னு உங்களுக்கும் சொல்லலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கண் கலங்கியது.

தாளில் எல்லாம் எழுதினேன். ஓடும்போது எரிந்த மோட்டார். ஸ்விட்ச் போட்டிருந்தது. கம்பி பழையது. சுற்றியவன் நான். 'கம்பி கொடுத்தவர்' என்று எழுதி, எதிரே இடம் விட்டேன். மச்சானுக்குப் போன் செய்து, பேரிங் வாங்கிவரச் சொன்னேன்.

இரண்டு முப்பத்து நான்குக்கு வந்தார். வழக்கம்போல வாசலில் நின்றார்.

"உள்ள வா மச்சான், இதைக் கொஞ்சம் பிடி."

வந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் ஷட்டரை இறக்கினேன். முழுக்க. பூட்டினேன்.

"என்ன மாப்ள விளையாட்டு? தூக்கு."

"அந்த மோட்டார் எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"முதல்ல ஷட்டரைத் தூக்கு."

"தெரியுமா?"

"பழைய கதையெல்லாம் எதுக்கு..."

"மச்சான்."

முகம் வேர்த்து ஒழுகியது. சாவிக்காகக் கையை நீட்டினார்.

இரண்டு முப்பத்தொன்பது.

பிரித்த மோட்டாரை மறுபடி கீழ்த் தட்டில் வைத்துப் பூட்டியிருந்த அலமாரியைப் பார்த்து இருவரும் நின்றோம்.

டக்.

அவர் உதடு அசைந்தது. 'ஒன்று.'

டக்.

'இரண்டு.'

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நொடி முன்பே உதடு அசைந்தது.

டக்.

டக்.

நான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். இரு, இன்னும் முடியல என்பது போல.

மூச்சு முட்டியது.

விரல் மெல்ல இறங்கியது.

டக்.

சரியாக.

நான் ஷட்டரைத் தூக்கினேன். வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். பேனாவையும் தாளையும் நீட்டினேன். இந்த முறை மச்சான் வாசலுக்கு ஓடவில்லை. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார்.

"என் பேரை எழுது மாப்ள. எரிஞ்ச கம்பிதான், தெரிஞ்சுதான் குடுத்தேன். ராணுவத்துக்குப் போகுதுன்னும் தெரியும். சொன்னா நீ அந்தக் கம்பியைத் தொட மாட்ட. அதான் கோழின்னு சொன்னேன்."

"அஞ்சு பேரு மச்சான்."

"தெரியும். அந்த வாரமே தெரியும்." அலமாரியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "எந்தக் கதவைச் சாத்தினாலும் தட்டுறாங்க மாப்ள. பத்தொன்பது வருஷமா. நாலு பேரு வரிசையாத் தட்டிடுவாங்க. அந்த அஞ்சாவது ஆளு மட்டும்... கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தட்டுவான்."